டை-டை பார்ட்டி: எந்தச் சாயம் வாங்குவது, கடைசியில் யார் அலசுவது?

பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி ஒரு டை-டை பார்ட்டி, அதாவது சட்டையை மடித்துக் கட்டிச் சாயம் ஏற்றி டிசைன் வரவைக்கும் கூட்டம், வைக்கலாம் என்று முடிவானதும் பேச்சு முதலில் நிறத்துக்குத்தான் போகும். அப்புறம் சுழலா, கோடா, வட்டமா என்று டிசைன் பேச்சு. இரண்டையும் அன்றைக்கு மேஜையிலேயே பார்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது வேறு: வந்தவர்கள் கிளம்பும்போது சட்டை எந்த நிலையில் அவர்கள் கையில் இருக்கப்போகிறது? அலசிப் பிழிந்து, காயவைத்தால் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலையிலா, சாயம் கசியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ளா?

கட்டுவதும் சாயம் ஊற்றுவதும் ஆளுக்கு முக்கால் மணி நேர வேலை. சாயம் துணியில் பிடிக்க வேண்டிய நேரமும், பிடிக்காமல் மிஞ்சியதை அலசி வெளியேற்றும் பாடும்தான் மீதி. அதை யார், எங்கே, எப்போது செய்வது என்பதில் தெளிவு வந்துவிட்டால், எந்தச் சாயம் என்ற கேள்வி தானாகச் சுருங்கிவிடும். அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

துணியில் ஒப்பிட அதிகம் இல்லை. முழுப் பருத்தி வாங்குங்கள். விஸ்கோஸ், லினன் இருந்தாலும் சரி. பாதிக்குப் பாதி பாலியஸ்டர் கலந்த துணியில் நிறம் வெளிறித்தான் வரும். முழு பாலியஸ்டரில் கீழே சொல்லும் சாயங்கள் ஒட்டவே ஒட்டாது, அலசினால் பழையபடி வெள்ளையாகத் திரும்பிவிடும். ‘ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை கொண்டுவாருங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால், நாலு பேராவது கலப்புத் துணியோடு வந்து நிற்பார்கள். ஒரே மாதிரி சட்டைகளை மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. முடியாவிட்டால், உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படம் எடுத்து முன்னாடியே அனுப்பச் சொல்லுங்கள். பருத்திச் சட்டையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டராகத்தான் இருக்கும். அது மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும், சாயத்தின் மேல் குறை சொல்ல வேண்டாம். புதுத் துணியை ஒரு தடவை துவைத்துவிடுங்கள். மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது படிந்த இடத்தில் சாயம் சீராக ஏறாது.

ரியாக்டிவ் சாயம்: நிறம் பிரமாதம், பொறுமை வேண்டும்

பளிச்சென்ற பல நிறச் சுழல்களை எங்கே பார்த்தாலும் அநேகமாக அது ரியாக்டிவ் சாயம்தான். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீபன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1954இல் கண்டுபிடித்து, 1956இல் ‘ப்ரோசியான்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதுவரை பருத்திக்கு இருந்த பல சாயங்கள் இழையின் மேல் படிந்தோ உள்ளே சிக்கியோதான் நின்றன; இது இழையோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கிறது. அதனால்தான் வருஷக்கணக்கில் துவைத்தாலும் நிறம் அவ்வளவாக இறங்குவதில்லை. அந்தப் பிணைப்பு நடக்கக் காரத்தன்மை வேண்டும். அதற்குத்தான் சோடா ஆஷ், அதாவது சலவைச் சோடா. சமையல் சோடாவை வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். அதன் காரம் போதாது.

இதே சாயம் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒரு கூட்டத்துக்கு வாங்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

ஒன்று, ‘தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும்’ என்று வரும் கிட். பாட்டிலுக்குள்ளேயே சாயத்தூளும் சோடாவும் கலந்திருக்கும். தொந்தரவே இல்லைதான். ஆனால் தண்ணீர் ஊற்றிய நிமிஷத்திலிருந்து சாயம் துணிக்குக் காத்திராமல் தண்ணீரோடேயே வினைபுரிய ஆரம்பித்துவிடும். அந்தச் சாயம் அப்புறம் இழையில் பிடிக்காது. நாலைந்து பேர், எல்லோரும் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார்கள், உட்கார்ந்த கையோடு முடித்துவிடுவார்கள் என்றால் கிட்டே போதும். பன்னிரண்டு பேர் ஒன்றரை மணி நேர இடைவெளியில் ஒவ்வொருவராக வரும் கூட்டம் என்றால், கடைசியில் வருபவருக்கு மங்கிய சாயம்தான் மிஞ்சும்.

இன்னொன்று, சாயத்தூளையும் சோடாவையும் தனித்தனியாக வாங்குவது. சோடா சேராத சாயக் கரைசல் குளிர்ச்சியான இடத்தில் சில நாள் வீரியம் குறையாமல் இருக்கும். முதல் நாளே கரைத்து, பாட்டில்களில் நிரப்பி, பெயர் எழுதி வைத்துவிடலாம். இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இதுதான் பிடிக்கும். சாயத்தூள் பறந்தால் மூச்சுக்குள் போகும். சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும் தூளைக் கையாள வேண்டும். கலகலப்பான கூட்டத்துக்கு நடுவில் செய்கிற வேலை அல்ல அது. விருந்தினர் வரும்போது மேஜையில் திரவம் மட்டும் இருக்கட்டும்.

அளவு: பெரியவர் சட்டை ஒன்று, எல்லா நிறமும் சேர்த்து, சுமார் 250 மில்லி சாயம் குடிக்கும். பன்னிரண்டு சட்டைக்கு 3 லிட்டர். லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக்கு அதைப் போல இரண்டு பங்கு வேண்டும். சோடா, ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 50, 60 கிராம். 10 லிட்டர் வாளி ஒன்று போதும், சட்டைகளை மாற்றி மாற்றி அதிலேயே ஊறவைக்கலாம். குழந்தைகள் இருந்தால் சாயத்தைக் கொஞ்சம் கூட்டியே கரையுங்கள். பாட்டிலைக் கையில் கொடுத்தால் காலியாகும்வரை பிழியாமல் விடமாட்டார்கள்.

சோடாவில் ஊறவைத்துவிட்டுக் கட்டுவதா, கட்டிவிட்டு ஊறவைப்பதா? சோடாவில் ஊறிய சட்டையைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். கையுறையோடு ரப்பர் பேண்ட் மாட்டுவது பெரியவர்களுக்கே எரிச்சலான வேலை. அதனால் கூட்டத்தில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சட்டையை வெறுங்கையால் கட்டட்டும். சுழல் வேண்டுமென்றால் நடுவில் விரலால் கிள்ளிப் பிடித்துத் திருக வேண்டும்; மடிப்புகள் எல்லாம் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் எழும்பாமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினால் தட்டையான வில்லை போல வரும். மூன்று ரப்பர் பேண்டைக் குறுக்கே போட்டால் ஆறு பாகம். அப்புறம் அந்தப் பொட்டலத்தைச் சோடா வாளியில் போட்டு இருபது நிமிஷம். கூட்டத்துக்கு அதுவே நல்ல இடைவேளை. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, நன்றாகப் பிழிந்து, சாயம். பாட்டில் மூக்கை மடிப்புக்குள் நுழைத்து ஊற்றச் சொல்லுங்கள். மேலாக ஊற்றினால் பிரித்துப் பார்க்கும்போது உள்ளே பாதிக்கு மேல் வெள்ளையாக இருக்கும். திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் ஊற்ற வேண்டும்.

இதுவரை எல்லாம் ஜாலி. இனிமேல்தான் விஷயம். சாயம் ஊற்றிய பொட்டலம் காயாமல், பையில் மூடி, 21 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். 24 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. டர்க்வாய்ஸ் நீலம் மற்ற நிறங்களைவிட மெதுவாகப் பிடிக்கும், குளிரான இடத்தில் வெளிறிப்போகும். ஆக, அன்றைக்கே யாரும் தங்கள் சட்டையைப் பார்க்கப்போவதில்லை. இரண்டு வழிதான். அவரவர் பொட்டலத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி அலசச் சொல்வது, அல்லது பன்னிரண்டையும் நீங்களே அலசிக் கொடுப்பது. இரண்டாவதை ஆர்வத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் அலசல் ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும். கட்டை அவிழ்க்காமல் குழாயடியில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் அவிழ்த்து மறுபடி குளிர்ந்த தண்ணீர், அப்புறம் சுடுதண்ணீரும் சோப்பும், தண்ணீர் தெளிவாக வரும்வரை. ஒரு சட்டைக்குப் பத்து நிமிஷம் என்றாலும் இரண்டு மணி நேரம் குழாயடியில் நிற்க வேண்டும். கொடுத்தனுப்புவதாக இருந்தால் பையோடு ஒரு துண்டுச் சீட்டும் போகட்டும்:

‘நாளை இதே நேரம்வரை பையைத் திறக்க வேண்டாம். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, கட்டோடு குளிர்ந்த தண்ணீரில் அலசவும். அவிழ்த்து மீண்டும் அலசவும். பிறகு தனியாக, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைக்கவும். வினிகர், உப்பு எதுவும் வேண்டாம்.’

கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சாயம் போகாமலிருக்க வினிகரில் ஊறவை என்று யாராவது ஒருவர் வீட்டில் நிச்சயம் சொல்வார். இந்தச் சாயம் காரத்தில்தான் பிடிக்கும். நேரம் ஆகுமுன் வினிகர் பட்டால் வினை அங்கேயே நின்றுவிடும்.

அவுரி நீலம்: அன்றைக்கே கையில்

பல நிறம் வேண்டாம், ஒரே நீலம் போதும் என்று கூட்டம் ஒப்புக்கொண்டால் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் அழகு மட்டுமல்ல, நேரக் கணக்கு. கட்டி, முக்கி, காற்றில் விட்டு, அவிழ்த்து, அலசி, எல்லாம் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ராத்திரி முழுக்க மூடிவைக்கும் கதையே கிடையாது. நிறம் ஒன்றே என்பதால் கலந்து சேறாகும் ஆபத்தும் இல்லை. எவ்வளவு அவசரமாகக் கட்டினாலும் வெள்ளையும் நீலமுமாக ஏதோ ஒன்று நன்றாகவே வரும். எதையும் செய்துகாட்டத் தயங்குகிற ஆட்கள் கூட்டத்தில் இருந்தால் அது பெரிய விஷயம்.

அதைவிட, பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. ஆக்சிஜனைப் பறிக்கும் ஒரு பொருளும் காரமும் சேர்த்துத் தொட்டியில் அதை வேறு வடிவத்துக்கு மாற்றினால்தான் கரையும். அப்போது திரவம் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், மேலே செம்பு நிறத்தில் பளபளக்கும் ஒரு படலம். துணியை உள்ளே முக்கி வெளியே எடுக்கும்போது பச்சையாக வரும். கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, காற்றுப் பட்ட இடமெல்லாம் ஓரத்திலிருந்து நீலம் ஏறிக்கொண்டு போகும். மடிப்பைக் கொஞ்சம் விரித்தால் உள்ளே இன்னும் பச்சை. ஒரு நிமிஷத்தில் அதுவும் மாறிவிடும். பெரியவர்களும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். கிட்களில் பெரும்பாலும் வருவது செயற்கை அவுரி நீலம்தான். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897இலேயே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. செடியிலிருந்து எடுத்ததோ ஆலையில் செய்ததோ, தொட்டியில் நடப்பது ஒன்றுதான்.

இதன் சங்கடம் வரிசை. ஒரு வாளியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் கை வைக்க முடியாது. ஆளுக்குச் சில நிமிஷம் முக்கல், பிறகு பதினைந்து இருபது நிமிஷம் காற்றில். அடர்ந்த நீலம் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு மூன்று தடவை. பத்துப் பேருக்கு மேல் என்றால் இரண்டு வாளி வையுங்கள். அவசரப்பட்டுக் கலக்கினாலோ துணியை மேலே தூக்கி வாளிக்குள் சொட்டவிட்டாலோ தொட்டிக்குள் காற்று புகுந்து சாயம் சீக்கிரம் செத்துப்போகும். துணியை மெதுவாக நுழைத்து, திரவத்துக்குள்ளேயே பிழிந்து, மேற்பரப்பை ஒட்டி வெளியே எடுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வாளிக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், வேறு வழியில்லை. வாடையும் இருக்கும், அதனால் திறந்த வெளிதான் சரி. தொட்டி தயாராக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆட்கள் வருமுன் நீங்களே செய்து மூடிவைத்துவிடுங்கள். கிட்டில் வரும் ஹைட்ரோசல்ஃபைட் (ஆக்சிஜனைப் பறிக்கும் பொருள் இதுதான்) பொட்டலத்தைத் தொட்டியில் போடும்வரை ஈரம் படாமல் வையுங்கள். ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது.

மேலாக ஒட்டிய நீலம் முதல் சில துவைப்பில் இறங்கும், உரசினால் வெளிர் நிறத் துணியில் ஒட்டும். அதனால் தனியாகத் துவைக்கச் சொல்லி அனுப்புங்கள்.

கடையில் முதலில் கண்ணில் படும் பெட்டி

‘எல்லாத் துணிக்கும்’ என்று எழுதி விற்கும் பொதுச் சாயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் கைக்குச் சட்டென்று அகப்படுவது அதுதான். பருத்திக்கு ஒன்று, கம்பளிக்கும் நைலானுக்கும் ஒன்று என்று இரண்டு வகைச் சாயம் அதில் கலந்திருக்கும். கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே உள்ள சூட்டில், உப்புச் சேர்த்து, துணி முழுவதையும் முக்கிவைத்தால் நன்றாகத்தான் ஏறும். ஒரு பழைய சட்டையை ஒரே நிறத்துக்கு மாற்ற நல்ல சாயம். பாட்டிலில் குளிர்ந்த கரைசலாக ஊற்றினால் பெரும்பகுதி முதல் அலசலிலேயே போய்விடும். பார்ட்டிக்கு என்றால் பெரிய பாத்திரம், அடுப்பு, கொதிக்கும் தண்ணீர், சுற்றிலும் ஆட்கள். வேண்டாமே.

கறுப்புச் சட்டையும் ப்ளீச்சும்

சாயம் ஏற்றுவதற்குப் பதில் இருக்கிற நிறத்தை எடுப்பது. படத்தில் பார்க்க அட்டகாசமாக இருக்கும், விளைவும் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கறுப்பு ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ மாறும். எப்படி மாறும் என்பது அந்தச் சட்டைக்கு முதலில் போட்ட சாயத்தைப் பொறுத்தது. சில சட்டை அசையவே அசையாது, அதனால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறம் மாறியதும் அலசினால் மட்டும் போதாது. ப்ளீச் உள்ளேயே இருந்து இழையை அரித்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் நன்றாக அலசியபின் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் முக்கி அதை முறிக்க வேண்டும். வினிகரால் முறிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண்ணாடி, கையுறை, திறந்த வெளி, ஐந்தாறு பெரியவர்கள் என்றால் சரி. குழந்தைகள் இருக்கும் இடத்தில் இதை எடுக்கவே கூடாது.

சின்னப் பிள்ளைகள் மட்டும் என்றால்

ஐந்து வயதுக் கூட்டத்துக்குச் சாயத் தொட்டியே வேண்டாம். பருத்திக் கைக்குட்டையை ஒரு கோப்பையின் வாயில் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, அழியாத மார்க்கரால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அதன் மேல் பெரியவர் ஒருவர் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மை பூப் போல விரியும். கால் மணி நேரத்தில் ஒரு கைக்குட்டை முடிந்துவிடும், அலசும் வேலையே இல்லை. ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், அதனால் நெருப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. துணி முழுக்கக் காய்ந்த பிறகுதான் இஸ்திரி. துவைக்கத் துவைக்க மங்கும். முழுச் சட்டையை இப்படிச் செய்ய நினைக்காதீர்கள், பொறுமை போய்விடும்.

‘மஞ்சளே இருக்கிறதே, எதற்கு இதெல்லாம்’ என்ற கேள்வியும் வரும். மஞ்சள் துணியில் சட்டென்று ஏறும், உண்மைதான். வெயில் பட்டால் அதே வேகத்தில் வெளுக்கும், சோப்பின் காரம் பட்டால் சிவக்கும். அந்த நிறமாற்றத்தையே குழந்தைகளுக்கு வேடிக்கையாகக் காட்டலாம். போட்டுக்கொள்ளும் சட்டைக்கு ஆகாது.

எந்தக் கூட்டத்துக்கு எது

ஒரு மாலைப் பொழுது, வேலையிடத்து நண்பர்கள், வெளியே இடமிருக்கிறது என்றால் அவுரி. எல்லோரும் ஒரே நீலத்தில் ஒரு குடும்பம் மாதிரி தெரிவார்கள், ஆனால் எந்த இரண்டு சட்டையும் ஒன்று போல இருக்காது. இரண்டு நாள் தங்கும் கூட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தனித்தனியாக வாங்கிய ரியாக்டிவ் சாயம். முதல் நாள் மாலை ஊற்றினால் மறுநாள் மாலை எல்லோரும் ஒன்றாக அவிழ்த்துப் பார்க்கலாம், அலசும் வேலையும் பகிர்ந்துபோகும். எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால், நான்கைந்து பேருக்குக் கிட், அதற்கு மேல் தனிச் சாயம். இரண்டிலும் சீட்டோடு பை. வந்தவர்கள் வீட்டில் அலச வசதியில்லை, விடுதி அறையில் இருப்பவர்கள் என்றால் பல நிற ஆசையை அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டு அவுரிக்குப் போங்கள்.

ரியாக்டிவ் என்று முடிவெடுத்தால் மேஜை அடுக்குவதில் ஒரு யோசனை. எல்லா நிறத்தையும் எல்லோர் கைக்கும் எட்டும்படி வைக்காதீர்கள். மஞ்சளும் ஊதாவும், சிவப்பும் பச்சையும், ஆரஞ்சும் நீலமும் சந்தித்தால் பழுப்புதான் வரும்; பத்துப் பேரில் ஆறு பேருக்கு அந்தப் பழுப்புதான் கிடைக்கும். ஒரு மேஜையில் மஞ்சள், மெஜந்தா, ஆரஞ்சு. இன்னொன்றில் டர்க்வாய்ஸ், நீலம், ஊதா. எந்த மேஜை வேண்டுமென்று அவரவர் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டும் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவருக்கு, நடுவில் ஒரு விரல் அகல வெள்ளை விட்டு ஊற்றச் சொல்லுங்கள். ஈரத்தில் நிறம் தானே பரவி அந்த இடைவெளியை மூடிவிடும்.

பையில் பெயர் எழுதுவதோடு நிற்காதீர்கள். சட்டை வெறும் வெள்ளையாக இருக்கும்போதே, கட்டுவதற்கு முன், உள் லேபிளில் அழியாத மார்க்கரால் எழுதிவிடுங்கள். குழாயடியில் பைகள் எல்லாம் ஒரு பக்கம், சட்டைகள் ஒரு பக்கம் என்று கிடக்கும்போது, ‘இந்தச் சுழல் என்னுது’ என்று குறைந்தது மூன்று பேர் சொல்வார்கள்.